உள்ளித்தூளும் ஒரு கையெழுத்தும்

அன்பு மகன்,

போன ஒக்டோபரில் உன் வீட்டுக் குசினியிலிருந்து நான் ஏன் எழும்பிப் போனேன் என்று கேட்டாய். நான் சொல்லவில்லை. "வயசு போட்டுது, விடு" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு நாலு மாதமாக நாங்கள் அஜக்ஸில் உன் வீட்டுக்கு வரவும் இல்லை, நீ வரச்சொல்லிக் கேட்கவும் இல்லை. அம்மாவோடு மட்டும் கதைக்கிறாய். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தும் "அப்பா எப்பிடி" என்று அவவிடம்தான் கேட்கிறாய். எங்கள் மருமகள் நிரோவுக்கு இப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறந்ததும் இந்த மோர்னிங்சைட் அப்பார்ட்மென்றை விட்டுவிட்டு உங்கள் பேஸ்மென்றில் வந்து இருக்கச் சொல்லிக் கோடையில் கேட்டாய். அந்தக் கதையையும் இப்போது ஒருவரும் எடுப்பதில்லை. ஆகையால் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். மெல்ல வாசி. நானும் மெல்லத்தான் எழுதுகிறேன். இப்போது எனக்கு எல்லாமே மெல்லத்தான் நடக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிரோ கோழித் துண்டுகளைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு, அதன்மேல் போத்தல்களிலிருந்து தூள் தூவிக்கொண்டிருந்தாள். வெள்ளைப்பூண்டு அரைத்த உள்ளித்தூள், வெங்காயத்தூள், பப்பிரிக்கா. தன் வேலையிடத்தில் நடந்த ஏதோ பகிடியை எனக்குச் சொல்லிக்கொண்டே தூவினாள். யன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூள் மேலே எழும்பி என் பக்கம் வந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அதற்கு முன் இரண்டு தடவை இப்படி நடந்தபோது, கோயிலுக்குப் போகவேண்டும், கொஞ்சம் நடக்கவேண்டும் என்று ஏதாவது சாட்டுச் சொல்லிச் சமாளித்தேன். மூன்றாம் முறை சாட்டு வரவில்லை. "உந்தத் தூளுகளைத் தூக்கி எறியும் பிள்ளை. உது சமையலே?" என்றேன். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள். நான் பின்கதவால் வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வரும்வரை நின்றேன். நீ பின்னால் வந்து, "அப்பா, வாட் இஸ் யுவர் ப்ரொப்ளம் வித் ஹேர்?" என்று கேட்டாய். நிரோ மேலே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள் என்றும் சொன்னாய். அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை, மகன். அன்றைக்கு அவள் சமைத்தது என்ன ருசி என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் அப்பா மசாலா பக்ரறியில் வேலை செய்தவர் என்று உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நான் சொன்னதில்லை. சிப்ஸ் பைக்குள்ளும் சொசேஜுக்குள்ளும் நூடில்ஸ் பக்கற்றுக்குள்ளும் போகிற தூளெல்லாம் அங்கேதான் கலக்கப்படும். உள்ளித்தூள் பெரிய பேப்பர் மூட்டைகளில் வரும். மூட்டையின் கழுத்தைக் கத்தியால் வெட்டி, தோளளவுக்குத் தூக்கி, கலக்கும் மெஷினின் வாய்க்குள் கவிழ்ப்போம். உள்ளிக்குப் பிறகு வெங்காயம், பிறகு கடுகு, மிளகு, உப்பு. ஒவ்வொரு மூட்டை விழும்போதும் ஒரு புகை மேலே கிளம்பும். அதை இழுத்து வெளியே தள்ள மேலே ஒரு பெரிய ஃபான் இருந்தது. எங்களுக்குப் பேப்பர் மாஸ்க் தந்தார்கள். மத்தியானத்துக்குள் அது நனைந்து கிழிந்துவிடும்.

அந்த மணம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஆறாம் வகுப்பில் படிக்கும்போது ரீச்சரைச் சந்திக்க வேலையிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். ரீச்சர் நல்ல மனுசி, ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் கதைத்துக்கொண்டே எழும்பிப் போய் யன்னலைத் திறந்தா. வீட்டுக்கு வந்ததும் நீ சொன்னாய்: "அடுத்தமுறை அம்மா வரட்டும், அப்பா." நான் கோபிக்கவில்லை. நீ சொன்னது நியாயம் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு நான் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லை. கோபிக்காமல் இருந்தது சரி. ஆனால் குளித்துவிட்டுப் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு இன்னொரு நாள் வந்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. எனக்கு எப்போதும் பேசாமல் ஒதுங்கி நிற்பதுதான் சுகமாக இருந்தது.

இப்போது நசீரைப் பற்றிச் சொல்லவேண்டும். நசீரும் எங்களைப்போல மன்னார்தான். அவர் முஸ்லிம், நாங்கள் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர். ஊரில் ஆளை ஆள் தெரியாது. இங்கே அந்த மெஷினின் வாயடியில்தான் சந்தித்தோம். என்னைவிட ஏழு வயது இளையவர். "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். ஆறு வருசம் தினமும் காலையில் அவருடைய காரில்தான் வேலைக்குப் போனேன். மத்தியானத்தில் அவர் மனைவி கட்டிக்கொடுத்த சோற்றில் பாதி எனக்கு, அம்மா கட்டிய மீன் பொரியலில் பாதி அவருக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிள்ளுத் தூளை மணந்து, எந்தக் கொம்பனிக்குப் போகிற கலவை என்று சொல்லிவிடுவார். நாங்கள் சிரிப்போம்.

பிறகு அவருக்குத் தும்மல் தொடங்கியது. அடுத்து இருமல். ஒருநாள் காருக்குள் சொன்னார்: "சனி ஞாயிறு ஒண்டுமில்லை, அண்ணை. திங்கள் காலமை மூட்டையை வெட்டினவுடனை நெஞ்சிலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்குது."

"குளிராலைதான்," என்றேன்.

எனக்கும் அதே திங்கட்கிழமைகள் வரத் தொடங்கியிருந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன் போல.

அந்த வருசம் தவக்காலத்தில் ஃபான் நின்றது. உள்ளே பட்டி அறுந்துவிட்டது என்றார்கள். சுப்பவைசரிடம் போய்ச் சொன்னது நானும் நசீரும்தான். சாமான் வருகுது என்றான். உயிர்த்த ஞாயிறு வந்து போன பிறகும் சாமான் வரவில்லை. ஒருவருக்கொருவர் முகம் தெரியாத புகைக்குள் நின்று மூட்டை கவிழ்த்தோம். ஒரு நாள் நசீர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். உதடு நீலம். அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி டொக்டர், இது உள்ளித்தூளால் வந்த ஆஸ்துமா, வேலையிடத்துக் காற்றைச் சோதிக்கவேண்டும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கொம்பனி விசாரித்தது. எங்கள் லைனுக்கு அப்போது நான்தான் பொறுப்பு. ஒஃபீசிலிருந்து ஒரு பெண் வந்து என்னை ஓர் அறையில் இருத்தினா. மரியாதையான பிள்ளை. இரண்டு கேள்வி கேட்டா. ஃபான் ஓடியதா? உங்களுக்கோ வேறு ஆருக்குமோ மூச்சுக் கஷ்டம் இருக்கிறதா? அதற்கு ஒரு மணித்தியாலம் முன்புதான் சுப்பவைசர் என் தோளில் கைபோட்டு, அடுத்த சுப்பவைசர் ஆராக இருக்கும் என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதாகவும், லைனில் பிரச்சினை இருக்கிற ஆளை மேலே எடுக்கமாட்டார்கள் என்றும் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். நீ யுனிவேர்சிற்றிக்கு எடுபட்ட கடிதமும் அந்தக் கிழமைதான் வந்தது. உன் படிப்புக்காகச் செய்தேன் என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய், மகன். அந்தப் பாரத்தை உன் தலையில் வைக்காதே. நான் பயந்தேன், அதோடு அந்தச் சுப்பவைசர் கதிரைக்கு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

ஃபான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சுக் கஷ்டம் எதுவும் இல்லை. இந்த இரண்டு வசனத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக் கீழே கையெழுத்து வைத்தேன். இரண்டுமே பொய். அதை வைத்துக் கொம்பனி காற்றைச் சோதிக்காமலே விசாரணையை மூடியது.

நசீர் திரும்பி வந்ததும் அவரைப் பக்கிங் பகுதியில் கூட்டித் துடைக்கப் போட்டார்கள். தூள் அங்கேயும் வரும். இரண்டு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார். கடைசி நாளன்றும் என்னை வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். இறங்கும்போது, "நாளையிலேயிருந்து பஸ் நேரம் பாத்து வையுங்கோ, அண்ணை," என்றார். நானும் ஓம் என்றேன்.

சுப்பவைசர் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள். நான் மேலும் ஒன்பது வருசம் அதே மெஷினடியில் நின்றேன். மூட்டையை வெட்டும்போது மூச்சைப் பிடிக்கப் பழகினேன். குடும்ப டொக்டரிடம் தூளைப் பற்றிச் சொல்லாமல் வாங்கிய இன்ஹேலரைச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். இருமலுக்கு அம்மா மல்லி அவித்துத் தந்தா. சளி என்று சொல்லிக் குடித்தேன். உன் பட்டமளிப்பு விழாவில் நான் படத்துக்கு வந்து நிற்கவில்லை என்று உனக்கு இன்றைக்கும் கோபம். அந்த மண்டபத்தில் அவ்வளவு படி இருந்தது. பாதியில் நின்றுவிட்டேன். மேலேயும் ஏறமுடியவில்லை, கீழேயும் இறங்கமுடியவில்லை. நீ கறுப்பு அங்கியோடு என்னைத் தேடுவது அங்கிருந்து தெரிந்தது. கை காட்டினேன், நீ காணவில்லை. பிறகு, சனத்துக்குள் வர விருப்பமில்லை என்று உனக்குச் சொன்னேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகுதான் நுரையீரல் டொக்டரிடம் போனேன். சமைத்த உள்ளியைச் சாப்பிடலாம், தூளாக மூச்சில் போனால்தான் கூடாது என்றா. "இவ்வளவு காலமும் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை?" என்று கேட்டா. நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

ஒக்டோபரில் உங்கள் வீட்டிலிருந்து வந்த அடுத்த நாள் காலையில் அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எனக்கு எதிரே இருந்தா. "இனி எனக்கும் பொய் சொல்லாதேங்கோ," என்றா. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இருமலைப் பற்றி அவவுக்கு முன்பே தெரிந்திருந்தது. உடுப்புத் தோய்க்கும்போது பொக்கற்றில் இன்ஹேலர் மூடி ஒன்று கிடந்ததாம். நான் சொல்லும்வரை பார்த்திருந்தாவாம். நசீரின் கதை மட்டும் தெரியாது. அதைக் கேட்டுவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தா. பிறகு சொன்னா: "நிரோவிட்டைப் போறதுக்கு முதல் அந்த மனுசனிட்டைப் போங்கோ."

போவதற்கு மூன்று மாதம் எடுத்தது. நசீர் இப்போது பிக்கரிங்கில் இருக்கிறார் என்று கடையில் விசாரித்து அறிந்தேன். ஜனவரியில், பனி கொட்டி ஓய்ந்த ஒரு மத்தியானம், பஸ் மாறிப் போனேன். வாசலில் ஐந்து படி. இரண்டாவதில் நின்று மூச்சு வாங்கினேன். மணி அடிக்க முதலே கதவு திறந்தது. தலை முழுக்க நரைத்திருந்தார். என்னைப் பார்த்தார், என் நெஞ்சைப் பார்த்தார்.

"உங்களுக்கும் வந்திட்டுதா?" என்றார்.

"ஓம்."

"எப்ப துவங்கினது?"

"உமக்குத் துவங்கின அதே மாசம்."

அவர் கதவிலிருந்து விலகி வழி விட்டார். உள்ளே மனைவி ஏதோ வறுத்துக்கொண்டிருந்தா. அவர் ஒன்றும் சொல்லாமலே அவ வந்து குசினிக் கதவைச் சாத்தினா. அந்த வீட்டில் அது பழகிப்போன காரியம். நான் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். வசனத்துக்கு வசனம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும், அண்ணை. அப்பவே காட்டினவை. உங்கடை கையெழுத்து எனக்குத் தெரியாமலா போகும்?"

"தெரிஞ்சும் கடைசி நாள் வரைக்கும் என்னை ஏத்தி இறக்கினீர்."

"ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான். இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. "அதை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்த ஒரு மனுசன் சொல்வதுபோல் சொன்னார். ஐந்து வருசம் நிரந்தர வேலை இல்லாமல் இருந்ததையும், கடைசி மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாமல் போனதையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா, என்னோடு கதைக்கவில்லை. எழும்புவோமா என்று நான் யோசித்த நேரத்தில் நசீர் சொன்னார்: "அந்த லைனிலை இப்ப ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை நிக்குதாம். அதுக்கும் இருமலாம். எனக்கு ஒண்டும் வேண்டாம். அண்டைக்கு எழுதினதை இண்டைக்குத் திருத்தி எழுதித் தாங்கோ."

அந்த மேசையிலேயே எழுதினேன். ஃபான் எப்போது நின்றது, ஆரிடம் சொன்னோம், எனக்கு என்ன செய்தது, நான் ஏன் பொய் சொன்னேன், எல்லாம். இரண்டு பக்கம் வந்தது. அடுத்த கிழமை அதைத் தொழிலாளர் பாதுகாப்பு ஒஃபீசில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவருடைய காரில்தான் போனோம். இந்த மாதம் அந்த ஒஃபீசிலிருந்து ஆட்கள் வந்து பக்ரறியைப் பார்த்துவிட்டு, காற்றுச் சரியாகும்வரை அந்த லைனை நிறுத்தச் சொல்லிப் போனார்களாம். அந்தப் பிள்ளையை டொக்டரிடமும் அனுப்பியிருக்கிறார்கள். நசீர் இரண்டே வரியில் மெசேஜ் அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் எடுத்தால் போனுக்கு வருவார், அவராக எடுக்கமாட்டார். அது அவருடைய உரிமை.

நீ இப்போது வேர்ஹவுசில் முப்பது பேருக்குப் பொறுப்பாய் நிற்கிறாய். உன்னிடம் ஆராவது வந்து நோகுது என்றால் முதலில் நம்பு. பொய் சொல்கிறவன் ஒருவன் இருக்கலாம், அவனால் உனக்கு ஒரு நாள் வேலைதான் கெடும். உண்மை சொல்கிறவனை நம்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதோடு, நல்ல முகத்தோடு ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருநாள் வைத்திருந்து பார். நான் பத்து நிமிசத்தில் எழுதிக் கொடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, நீ வேலைக்குப் போன பிறகு, நிரோவுக்குப் போன் எடுத்தேன். இது உனக்குத் தெரியாது. அவள் குரல் முதலில் மிக மரியாதையாக இருந்தது. நான் சொல்லிமுடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது. இடையில் இருமல் வேறு. அவள் அழுதாள் என்று நினைக்கிறேன்.

"மாமா, உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சன்," என்றாள். "நான் ஃபுல் ரைமா அதையேதான் யோசிச்சுக்கொண்டு இருந்தன்."

"இல்லைப் பிள்ளை. என்னைத்தான் எனக்குப் பிடிக்கேல்லை. பிழையெல்லாம் என்னிலைதான்."

"நீங்கள் வரேக்கை நான் முதலே சமைச்சு முடிச்சிடுவன். யன்னலைத் திறந்துவிடுவன். இதுக்கெல்லாம் ஒரு வசனம் சொல்லியிருந்தால் காணுமே, மாமா."

காணும்தான். எந்த இடத்திலும் ஒரு வசனம் போதுமாக இருந்தது.

இதையெல்லாம் அவளே உன்னிடம் சொல்லிவிடட்டும் என்று கேட்டேன். அவள் மறுத்துவிட்டாள். "நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும். போனிலை சொன்னால் அவர் ‘ஓகே, ஓகே’ எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுவார். எழுதுங்கோ." அதனால்தான் இந்தக் கடிதம். வைக்க முதல் இன்னொன்றும் சொன்னாள். உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். "அவரும் உங்களை மாதிரித்தான், மாமா. வேலையிலை என்ன நடந்தாலும் ‘ஃபைன்’ எண்டுதான் சொல்லுவார். பின்னேரம் வந்து கராஜுக்குள்ளை காரை நிப்பாட்டிப்போட்டு இருபது நிமிசம் அப்பிடியே இருப்பார். நான் போய்க் கேட்டால், போன் பாத்தனான் எண்டுவார்."

அன்றிலிருந்து அது ஒன்றுதான் என் மனதில் நிற்கிறது. என்னிடமிருந்து உனக்கு எது வந்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன், இந்த ஒன்றைத் தவிர.

வெள்ளிக்கிழமை அம்மாவும் நானும் ரெயினில் வருகிறோம். நீ கூட்டிக்கொண்டு போக வரவேண்டாம், நிரோ வருகிறாள். பின்னேரம் நீ வந்து கராஜுக்குள் காரை நிப்பாட்டும்போது நான் அங்கே நிற்பேன். காரின் கதவைத் திறந்துவிடு. பக்கத்து சீற்றில் வந்து இருக்கிறேன். உனக்குக் கதைக்க மனம் வந்தால் கதை, வராவிட்டால் இருபது நிமிசமும் சும்மா இருப்போம். என் நெஞ்சுக்குள் கொஞ்சம் விசில் சத்தம் கேட்கும். அதற்குப் பயப்படாதே.

அப்பா